நாடி எண்ணிய தாள்கள்

ஜனவரி 12

வாண்டுக்கு,

என் நம்பரை நீ அடைத்து வைத்து ஒன்பது நாளாகிறது. அம்மாவுக்குப் போன் செய்தால், "அவ மெஷின்ல இருக்கா", "அவ குளிக்கிறா", "அவ தூங்குறா" என்று மூன்று பதில்களையே மாற்றி மாற்றிச் சொல்கிறாள். நேற்று காலை பத்து மணிக்கு நீ தூங்கிக்கொண்டிருந்தாயாம். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது நம் இருவருக்கும் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்லூரி விடுதியிலிருந்து, அதுவும் போர்வை அனுப்பச் சொல்லி. கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

நடந்ததை நேராகப் பேசிவிடுவோம். டிசம்பர் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிற பெண்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய உடற்பயிற்சி பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். டாக்டர்கள், நர்ஸ்கள் என்று இருநூறு பேர் இருந்தார்கள். பயிற்சித் தாளில் பொய் எண் எழுதுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓர் இடம் வந்தது. பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தூக்கம் கலையட்டும் என்று ஓர் உதாரணம் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்றுதான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. தங்கை என்று மூச்சு விடவில்லை. அதை எவரோ வீடியோ எடுத்துப் போட, அது ஊரெல்லாம் சுற்றி உன் கடைக்கே வந்து சேரும் என்று நான் கனவா கண்டேன்?

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நீயும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் உனக்கு ஏறி இறங்கும் பலகையும் தாள்களும் பார்சலில் அனுப்பினேன். வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், முடித்ததும் நாடியை எண்ணி எழுத வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். நாடி 120-க்கும் 140-க்கும் நடுவில் வர வேண்டும். உனக்கு ஒரு நாளும் 120 வரவில்லை. "வேகம் பத்தல, கூட்டு" என்று இரண்டு மாதம் செய்தி அனுப்பினேன். அப்போதும் எண் அசையவில்லை. பிறகுதான் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். எங்கள் பிசியோதெரபி வேலையில் நாடியைப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குவோம். ஆகவே எந்த எண்ணானாலும் ஆறால் வகுபட்டே தீர வேண்டும். 120, 126, 132. நீ எழுதியது 103, 107, 109, 104. எண்ணிப் பார்த்து எழுதிய எண்கள் இல்லை அவை. மனதுக்குத் தோன்றியவை.

அப்போதும் நான் உன்னைத் திட்டவில்லை. செய்தால் உனக்குத்தான் நல்லது, செய்யாவிட்டால் உனக்குத்தான் நஷ்டம். நீர்க்கட்டிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, போட்டாலே வாந்தி எடுக்கிறாய் என்றுதானே இந்த வழிக்கு வந்தோம்?

போனை எடு. எடுத்துத் திட்டிவிட்டாவது வை.

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

பெயர் சொல்லவில்லை என்கிறாய். சரி. நீ என்னென்ன சொன்னாய் என்று வரிசையாக எழுதுகிறேன், படி. முப்பத்தொரு வயது. துணி ஆல்டரேஷன் கடையில் தையல்காரி. வருஷத்துக்கு நாலு தடவைதான் பீரியட்ஸ். தாடையில் முடி, வாரம் ஒரு தடவை நூல் வைத்து எடுக்கிறாள், எடுக்காத நாட்களில் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொள்கிறாள். உடற்பயிற்சி செய்யச் சொன்னால் செய்யாமலே செய்ததாக எழுதி அக்கறையாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். இதற்குமேல் பெயர் எதற்கு?

எங்கள் கடையில் மூன்று மெஷின். ஒன்றில் கடைக்காரம்மா, ஒன்றில் மாஸ்டர், ஒன்றில் நான். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்று வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வேறு. கடைக்காரம்மா போனைத் தூக்கிப் பிடித்து, "ஏய், இது உங்க அக்கா இல்ல? எவ்ளோ அழகா பேசுறாங்க பாரு" என்று பெருமையாகத்தான் சத்தத்தைக் கூட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அப்புறம் நீ நூல் கதைக்கு வந்தாய். கடைக்காரம்மாவுக்கு எங்கே அமுக்கினால் நிற்கும் என்று அவசரத்தில் தெரியவில்லை. எல்லாம் முழுசாக ஓடியது. இருநூறு பேர் சிரித்த சிரிப்பும் ஓடியது. வந்திருந்த அம்மா ஒருத்தர் என் தாடையைப் பார்த்தார். மாஸ்டர் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருந்தது. நல்ல மனுஷன்.

முடியைப் பற்றிச் சொன்னாயே, அது இருக்கிறது. உடம்பைச் சொன்னாயே, அதுவும் உண்மை. வெட்கமாக இருந்தது, ஒரு வாரம் அழுதேன், முடிந்தது. பொய் எழுதினேன் என்றாயே, அதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. உன் ஆறாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூட எண்ணாமல் எழுதவில்லை.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். எந்த மேடையில் என்னைப் பொய்க்காரி என்றாயோ, அதே மேடையில் ஏறி அவள் பொய் சொல்லவில்லை என்று சொல். அதுவரைக்கும் போனில் என் குரலைக் கேட்க முடியாது.

இப்படிக்கு,
உன் உதாரணம்

*

ஜனவரி 29

வாண்டு,

அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் உன் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். வீட்டில் இவர், "என்ன, உன் தங்கச்சி இப்பல்லாம் போனே பண்றதில்ல?" என்று கேட்டார். கடையில் வேலை அதிகமாம் என்றேன். அம்மாவைச் சொன்னேனே, எனக்கும் பொய் சரியாக வரவில்லை.

நான் பேசியது நாற்பத்தைந்து நிமிடம். அதில் உன்னைப் பற்றியது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான் கைதட்டினார்கள். நேற்று அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இங்கே ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள். கழுத்து, முதுகு, முழங்கால். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் கட்டைவிரலே எனக்கு மடங்குவதில்லை. அதற்கு மேல் உட்கார்ந்து வீட்டுப் பயிற்சிக்காரர்களின் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். பத்துத் தாளில் நாலு தாளாவது பொய்யாக இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் அப்படிப் பழகிவிட்டது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சாக்குதான், ஆனாலும் சொல்கிறேன்.

சரி. நீ பொய் எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த எண்கள் எப்படி வந்தன? எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்து, காலையில் எழுந்ததிலிருந்து நீ என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. குறுக்கே பேசாமல் படிக்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதும் ஒரு வசதி.

அக்கா

*

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

"வைத்துக்கொள்வோம்" என்கிறாய். வைத்துக்கொள். எவ்வளவு பெரிய மனசு.

கேட்டாய், எழுதுகிறேன். ஐந்தரைக்கு எழுவேன். பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, தடிப் போர்வையை நாலாக மடித்துத் தரையில் போட்டு அதன் மேல் உன் பலகையை வைப்பேன். போர்வை போடாவிட்டால் கீழ்வீட்டு டியூஷன் சார் கட்டையால் தன் கூரையை இடிப்பார். போர்வை போட்டாலும் இடிப்பார், மெதுவாக இடிப்பார். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடை. அப்புறம் வலது கால் ஏற்றி, இடது கால் ஏற்றி, வலது இறக்கி, இடது இறக்கி. அரை மணி நேரம். நீ தாளில் படம் போட்டிருந்த மாதிரியேதான்.

முடிந்ததும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைப்பேன். சுவர்க் கடிகாரம் நின்றுபோய் இரண்டு வருஷம். என் போன் அந்த நேரத்தில் அம்மாவிடம் இருக்கும், காதுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பாள். அலமாரி மேல் சிவப்பு எண் எரிகிற கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணியும் நிமிஷமும் மட்டும்தான் காட்டும், விநாடி காட்டாது. அதனால் நிமிஷ எண் மாறும்வரை நிற்பேன். சில நாள் உடனே மாறும். சில நாள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாறியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து, மறுபடி மாறும்வரை எண்ணுவேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்றுதானே உன் தாளில் கேட்டிருக்கிறது? ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். நூறைத் தாண்டும்போது நாக்குக் குழறும். அம்மா நடுவில், "பால் பொங்குது பாரு" என்று கத்துவாள். எண்ணிக்கை தப்பிவிட்டால் அன்றைக்கு எண் எழுதாமல் கோடு போட்டுவிடுவேன். தாள்களை எடுத்துப் பார், ஏழு இடத்தில் கோடு இருக்கும். பொய் எழுதுகிறவள் கோடு எதற்குப் போடுகிறாள்?

அப்புறம் நீ, "வேகம் பத்தல, கூட்டு" என்றாய். கூட்டினேன். மறுபடி பத்தவில்லை என்றாய். பலகைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தேன். அப்போதும் 107. இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு ஏறினேன். 104. ஏறியவள் நான், இறங்கியது எண். நவம்பரில் ஒரு நாள் கண் இருட்டி அப்படியே போர்வை மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஓடி வந்து, "இப்படிக் குதிச்சா கர்ப்பப்பை எறங்கிடும்டி, சொன்னா கேளு" என்று ஒரே அழுகை. மறுநாளும் ஏறினேன்.

இடது முழங்கால் வீங்கியது. கடையில் மத்தியானம் மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கினேன். ஒரு கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, திரும்பப் பிரித்துத் தைத்தேன். பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. "ஒடம்பு சரியில்லன்னா வீட்ல இரு" என்று கடைக்காரம்மா சொன்னார். அன்பாகச் சொன்னாரா, வேறு ஆள் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

உன் 120 மட்டும் வரவே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது, எனக்கு மட்டும் உடம்பே சோம்பேறி உடம்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்து என்னையே திட்டிக்கொள்வேன். நீ அங்கே வகுத்துக்கொண்டிருந்தாய்.

கடைசியாகப் பீரியட்ஸ் வந்தது செப்டம்பரில். அதற்குப் பிறகு இல்லை. நாலு மாதம் ஒழுங்காகச் செய்தால் தானாக வரும் என்றாய். களைப்புதான் வந்தது.

எல்லாம் எழுதிவிட்டேன். இப்போது எதை வைத்துக்கொள்வாய்?

*

பிப்ரவரி 15

வாண்டு,

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய் அந்தச் செங்கல்களை எடு. இப்போதே எடு. மூன்று வாரத்துக்குப் பலகையைத் தொடாதே. முழங்காலை யாரிடமாவது காட்டு.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே படித்தேன். சிவப்புக் கடிகாரம் வந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதியிருந்ததைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனாலும் படித்தேன்.

உடற்பயிற்சியை நிறுத்தினால் நாடி உடனே இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு நிமிடத்தில் இருபது, முப்பதுகூட இறங்கும். அதனால்தான் நிறுத்தின கையோடு பத்து விநாடி மட்டும் எண்ணுவது. நீ எண் மாறுவதற்காகக் காத்திருந்து, அதற்குப் பிறகு ஒரு முழு நிமிடம் எண்ணியிருக்கிறாய். நீ எண்ணி முடிப்பதற்குள் உன் நெஞ்சு பாதி ஓய்ந்துவிட்டது. 103 என்று எழுதிய அன்று பலகை மேல் உனக்கு 130 இருந்திருக்கும். முதல் வாரத்திலேயே நீ சரியாகச் செய்துகொண்டிருந்தாய். செங்கல் வைத்த பிறகு எத்தனை ஓடியதோ, எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. இன்னொன்று கேள். உடம்பு தேறத் தேற நாடி இன்னும் சீக்கிரம் இறங்கும். எண் குறைந்தது நீ சோம்பேறி என்பதால் இல்லை. நீ தேறிக்கொண்டிருந்தாய், நான் உன்னை அடித்து விரட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து விநாடி என்று உனக்கு எங்காவது சொல்லியிருப்பேன் என்று பழைய செய்திகளையெல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை. தாளிலும் இல்லை. ஏனென்றால் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் மணிக்கட்டைப் பிடித்து, என் கடிகாரத்தைக் காட்டி, "இங்க விரல வைங்க, ம்ம், இப்ப எண்ணுங்க" என்று சொல்லித் தருவேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்வேன். உனக்குப் பார்சல் அனுப்பினேன். நீதானே, தெரிந்துகொள்வாய் என்று இருந்துவிட்டேன்.

என் தப்பு. முழுக்க என் தப்பு. நீ பொய் சொல்லவில்லை.

இனி மேடை விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன். என் பேச்சை வைத்து எங்கள் துறைத் தலைவர் ஒரு கைப்புத்தகம் அச்சடிக்கப் போகிறார். இந்த ஆறால் வகுத்துப் பார்க்கிற வழி அதில் ஒரு தனிப் பக்கம், என் பெயர் போட்டு. அடுத்த மாதம் நர்ஸ்களுக்குப் பயிற்சி, அதை நடத்துவதும் நான்தான். பதினாறு வருஷத்தில் இப்போதுதான் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் மேடையேறி, அடிப்படையே தெரியாமல் பேசினேன் என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் எடுக்க வைத்துவிடுகிறேன். வீடியோவையும் நீக்கச் சொல்கிறேன். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

செங்கல்லை எடுத்துவிட்டேன். முழங்காலைக் காட்டினேன். களிம்பு கொடுத்திருக்கிறார்கள்.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு அது முன்பே தெரியும். தெரியாதவர்கள் இருநூறு பேர், அப்புறம் எங்கள் கடையில் ஐந்து பேர்.

இன்னொன்றும் சொல்கிறேன். காஜா எடுக்கிற பெண் போன வாரம் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு என் காதோடு, "அக்கா, எனக்கும் அதேதான், வீட்ல யாருக்கும் தெரியாது" என்றாள். இருபத்திரண்டு வயது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கும் தாள் கொடுத்திருக்கிறார்கள். எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டேன். "மைக்ரோவேவ் கடிகாரத்தப் பாத்து ஒரு நிமிஷம்" என்றாள். அவள் தாளையும் ஒரு நாள் யாராவது வகுத்துப் பார்ப்பார்கள். சத்தமில்லாமல் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் இதற்கு என்ன பதில்?

உனக்குப் பதினாறு வருஷம் பெரிசுதான். நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. கடை, வீடு, அம்மா, களிம்பு. இதற்குமேல் நீயே பார்த்துக்கொள். இனிமேல் நீ எழுதினாலும் நான் பதில் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

*

மார்ச் 18

வாண்டு,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பதினாலாம் தேதி நர்ஸ்களுக்குப் பயிற்சி நடந்தது. அதே அரங்கம், அதே மைக். துறைத் தலைவர் முதல் வரிசையில். முந்தின நாள் முழுக்க அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாமா என்று அவர் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். சொன்னால், "வேணாம்மா" என்பார், நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். அதனால் சொல்லவில்லை.

ஏறியதும் முதலில் அதைத்தான் பேசினேன். "போன கூட்டத்துல ஒரு பொண்ணு பொய் எண் எழுதுனதா சொன்னேன், நீங்கல்லாம் சிரிச்சீங்க. அவ பொய் எழுதல. ஒவ்வொரு நாளும் செஞ்சு, ஒவ்வொரு நாளும் எண்ணித்தான் எழுதியிருக்கா. எப்படி எண்ணணும்னு நான்தான் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்காம, அவள இன்னும் இன்னும்னு விரட்டி, முழங்கால் வீங்க வெச்சு, கடைசில அவளையே பொய்க்காரின்னும் சொன்னேன்." இவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சின்ன நர்ஸ் எழுந்து, "அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு மேடம்?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணைக் கேட்காமல் அதைச் சொல்ல மாட்டேன் என்றேன்.

தலைவர் சாயங்காலம் கூப்பிட்டு, "இதெல்லாம் தனியா வந்து சொல்லியிருக்கலாமேம்மா. எல்லாருக்கும் எதிர்ல, நம்ம துறையோட மானம் என்ன ஆகுறது?" என்றார். கைப்புத்தகம் நின்றுவிட்டது. அடுத்த பயிற்சியை என் ஜூனியர் நடத்துகிறாள். நல்ல பெண், நன்றாகவே நடத்துவாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அப்புறம் பழைய தாள்களையெல்லாம் வெளியே எடுத்தேன். வீட்டுப் பயிற்சிக்காரப் பெண்கள் அறுபத்திரண்டு பேர். ஆறால் வகுபடாத எண் எழுதியவர்கள் பத்தொன்பது பேர். நான் ஒவ்வொருவருடைய மணிக்கட்டையும் பிடித்துக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை, ஆஸ்பத்திரியில், என் கடிகாரத்தில். வீட்டில் அவர்களுக்கு என்ன கடிகாரம் இருக்கிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. நாலு நாளாக ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். பதினொரு பேர் உன்னை மாதிரியே முழு நிமிடம் எண்ணியிருக்கிறார்கள். அதில் மூன்று பேரை, ஒத்துழைப்பு இல்லை என்று எழுதி நானே பயிற்சியிலிருந்து நீக்கியிருக்கிறேன். என் கையெழுத்துதான். ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், யாரும் நம்ப மாட்டாங்கன்றது எனக்குப் பழகிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

இங்கே ஒரு கேள்வி எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்க இப்போது எனக்கு உரிமை இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

பதில் எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதுகிறேன், இதை வைத்து நீ ஒன்றும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே.

இந்தப் பேச்சும் வீடியோவாக வந்துவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களைவிடப் படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. கடைக்காரம்மா என்னைக் கேட்காமலே சத்தமாகப் போட்டார். நான் துணி காயப் போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன். உன் குரல் அழுகிற மாதிரி இருந்தால் எனக்கும் வந்துவிடும், அதற்கு எனக்கு இப்போது நேரமில்லை. கீழே வந்தபோது காஜாக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எழுந்து வந்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மெஷின் மேல் வைத்தார். விநாடி முள் இருக்கிற கடிகாரம். "எனக்கெதுக்கு இது, கடைல பெரிய கடிகாரமே இருக்கு" என்றார். கடைக்காரம்மா அன்று முழுவதும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது. தாடையைப் பற்றி நீ சொன்னதை எந்த மேடையேறியும் திரும்ப எடுக்க முடியாது. அன்று கடையில் என் தாடையைப் பார்த்த அந்த வாடிக்கையாளர் அம்மா இன்னொரு துணியோடு வந்தார். நேராகத் தாடையைத்தான் பார்த்தார்.

மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. தூங்கினேன். அவ்வளவு தூக்கம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அப்புறம் செங்கல் இல்லாமல் பலகையை மட்டும் போட்டு மெதுவாக ஆரம்பித்திருக்கிறேன். பேசிக்கொண்டே ஏறி இறங்க முடிகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறாள், முக்கால்வாசி உன்னைப் பற்றித்தான். பத்து விநாடி எண்ணுகிறேன், சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், அத்தோடு விட்டுவிடுகிறேன். எழுதுவதில்லை. இனிமேல் உனக்குத் தாள் அனுப்ப மாட்டேன். உனக்குப் பேஷண்டுகள் அறுபத்திரண்டு பேர் போதும். நான் அதில் இல்லை. நம்பரைத் திறந்து வைத்திருக்கிறேன், ஆனால் கூப்பிட்டால் எத்தனை நாள் செய்தாய், எவ்வளவு நேரம் செய்தாய் என்று ஆரம்பிக்காதே. சாப்பிட்டாயா என்று கேள். எல்லா அக்காக்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

அடித்திருந்த கேள்வியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டேன். நீ அடித்த அடி போதாது, கோட்டுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிகிறது.

வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலையில். ஆறு மாதத்துக்கு அப்புறம், மாத்திரை இல்லாமல், தானாக. வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே குளியலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாலா, தூங்கியதாலா, உன் மேல் இருந்த ஆத்திரம் பாதி இறங்கியதாலா, எனக்குத் தெரியாது. நீயும் காரணம் கண்டுபிடிக்காதே. அடுத்த மாதம் வருமா என்பதும் தெரியாது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காஜாக்காரியிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். இது உனக்கு மட்டும்.